நொய்யல் கரையில் ஒரு காந்தார அறை

தமிழ்நாடு அரசின் 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், ஈரோடு மாவட்டத்தில் 22 கோடி ரூபாய் மதிப்பீட்டில் நொய்யல் அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பொருட்களே அதன் முதன்மைச் செல்வம். அந்த அறிவிப்பு வந்த ஐந்து மாதங்களில், 2025 ஆகஸ்ட் 27 முதல், அமெரிக்காவுக்குச் செல்லும் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது 50 சதவீத வரி நடைமுறைக்கு வந்தது. திருப்பூர் பின்னலாடைத் துறை கலங்கிப் போயிற்று. இரண்டும் ஒரே ஆற்றின் கரையைச் சேர்ந்த செய்திகள். இவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு ஒரு வழியாக, புதிய அருங்காட்சியகத்தில் காந்தாரச் சிற்பங்களுக்கென்று ஓர் அறை ஒதுக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

கொங்கு நாட்டுக்கும் காந்தாரத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. காந்தாரம் இன்றைய பாகிஸ்தானின் பெஷாவர் சமவெளியையும், அதையொட்டிய சுவாத், தட்சசீலப் பகுதிகளையும், ஆப்கானிஸ்தானின் கிழக்கையும் சேர்ந்த நிலம். அங்கே கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் சாம்பல் நிறச் சிஸ்ட் கல்லிலும், பின்னர் சுதையிலும் செதுக்கப்பட்ட புத்தர்கள் உலகப் புகழ் பெற்றவர்கள். அலை அலையான கூந்தல், நேரான மூக்கு, ஒரு காலில் எடையைச் சாய்த்து நிற்கும் நிலை, இரு தோள்களையும் மூடி ஆழ்ந்த மடிப்புகளாக விழும் மேலாடை. முகத்திலும் ஆடையிலும் கிரேக்கம். கதையிலும் கருத்திலும் பௌத்தம்.

பல்லாண்டுகளுக்கு முன் ஒரு பொருளியல் மாநாட்டுக்காகச் சண்டிகர் சென்றபோது, அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தில் இச்சிற்பங்களை முதன்முதலாக நேரில் கண்டேன். அவை அங்கே வந்த கதையே ஒரு பொருளியல் பாடம். நாட்டுப் பிரிவினையின்போது லாகூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பும் சொத்தாகக் கணக்கிடப்பட்டு, 60 பங்கு பாகிஸ்தானுக்கும் 40 பங்கு இந்தியாவுக்குமாகப் பிரிக்கப்பட்டது. அறுநூறுக்கும் மேற்பட்ட காந்தாரச் சிற்பங்கள் 1949இல் இந்தியாவுக்கு வந்தன. அமிர்தசரஸ், சிம்லா, பாட்டியாலா என்று அலைந்து, 1968இல் திறக்கப்பட்ட சண்டிகர் அருங்காட்சியகத்தில் நிலைபெற்றன. அதே பாகப்பிரிவினையில்தான் மொகஞ்சதாரோவின் கழுத்தணி ஒன்றை மணி மணியாகப் பிரித்து இரு நாடுகளும் எடுத்துக்கொண்டன. புத்தரையாவது துண்டாக்காமல் விட்டார்களே என்று அன்று எண்ணிக்கொண்டேன்.

அங்கு வாங்கிய படத் தொகுப்பை ஊர் திரும்பியபின் என் பழைய மாணவர் ஒருவரிடம் காட்டினேன். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் அவர். முகத்தைப் பார்க்கவே இல்லை. மடிப்புகளின் மேல் விரலை ஓட்டியபடி, "இது காட்டன் இல்லீங்க சார். கம்பளியாட்டம் கனமான துணி. ஜிஎஸ்எம் முந்நூறுக்குக் கொறையாதுங்க" என்றார். பிறகு, "குளிர்ப் பக்கமுங்களா?" என்று கேட்டார்.

ஒரு நூற்றாண்டாக நடக்கும் அறிஞர் விவாதத்தின் ஒரு பகுதியை அவர் ஒரு கேள்வியில் தொட்டுவிட்டார். காந்தாரப் புத்தரின் ஆடை கிரேக்கரின் மேலாடையை ஒத்திருப்பது உண்மை. ஆயினும் அந்நிலம் குளிர் நிலம்; துறவிகள் வெளியே செல்லும்போது இரு தோள்களையும் மூட வேண்டும் என்பதும் பௌத்தச் சங்கத்தின் மரபு. அதே காலத்தில் மதுராவில் செதுக்கப்பட்ட புத்தருக்கு வலத்தோள் திறந்திருக்கிறது. துணி உடலோடு ஒட்டிய மெல்லிய பருத்தி. 5ஆம் நூற்றாண்டின் சாரநாத் சிற்பங்களில் மடிப்பே மறைந்து, கழுத்திலும் கையிலும் ஓரக்கோடு மட்டுமே ஆடையைக் காட்டுகிறது. தெற்கே அமராவதியில் வலத்தோள் திறந்து, இடக்கையில் தொங்கும் ஆடையின் கீழ்விளிம்பு கனத்த மடிப்பாகத் திரள்கிறது. நம் தட்பவெப்பத்தில் பழந்துணிகள் எஞ்சுவது அரிது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய துணியின் கனத்தையும் வீழ்ச்சியையும் அறிய, கல்லைத்தான் நாட வேண்டியிருக்கிறது. ஆயத்த ஆடை வடிவமைப்பு கற்பிக்கும் நம் கல்லூரிகள் இதைப் பாடமாக்கலாம்.

இனி முதன்மையான கேள்விக்கு வருகிறேன். கிரேக்க வடிவம் காந்தாரத்துக்கு எப்படி வந்தது? அலெக்சாந்தர் கொண்டுவந்தார் என்பதே பாடநூல்கள் நம் மனத்தில் பதியவைத்த விடை. அவர் தட்சசீலத்துக்கு வந்தது கி.மு. 326. காந்தாரக் கலை செழித்ததோ குஷாணர் காலத்தில், கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை. இடையே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. இந்தோ-கிரேக்க அரசர்கள் இடையில் ஆண்டார்கள். மிலிந்தன் எனப்படும் மினாந்தர் பௌத்தத் துறவியோடு உரையாடியதைப் பாலி இலக்கியம் நினைவில் வைத்திருக்கிறது. எனினும், இந்தச் சிற்பங்களின் பெரும்பகுதி கிரேக்க ஆட்சி மறைந்த பிறகே உருவாயிற்று. அவற்றில் காணும் மேற்கத்தியச் சாயலில் ரோமானியப் பேரரசின் பங்கு பெரிது என்று மார்ட்டிமர் வீலர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வாதிட்டனர். ரோமானியச் சாயலைப் படை கொண்டுவந்திருக்க முடியாது. ரோமானியப் படை அங்கே வந்ததே இல்லை. வந்தவை சரக்குகள்.

இதற்குச் சான்று காபூலுக்கு வடக்கே பெக்ராமில் இருக்கிறது. 1937லும் 1939லும் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் அங்கே அடைத்துவைக்கப்பட்ட இரு அறைகளைத் திறந்தனர். ரோமானியக் கண்ணாடிக் கலங்கள், சீன அரக்குப் பொருட்கள், இந்தியத் தந்தச் சிற்பங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடந்தன. அவற்றோடு ஐம்பது அளவில் சாந்து வில்லைகளும் இருந்தன. மேற்கத்திய உலோகக் கலங்களின் புடைப்பு உருவங்களிலிருந்து எடுக்கப்பட்ட அச்சுகள் அவை. திருப்பூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: அவை சாம்பிள்கள். வடிவத்தைக் கொண்டுசேர்க்க ஏதென்சிலிருந்து ஒரு சிற்பி வர வேண்டிய தேவையில்லை. உள்ளங்கை அளவுள்ள ஒரு மாதிரி போதும்.

கிரேக்கர் இல்லாமல் இது நடந்திருக்க முடியாது என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பெஷாவர் அருகே ஒரு தூபியின் அடியில், கனிஷ்கரின் பெயரோடு தொடர்புடைய புனித எச்சப் பேழை ஒன்று 1908-09 அகழாய்வில் கிடைத்தது. அதன் கரோஷ்டி எழுத்துகளில் வரும் ஒரு சொல்லை 'அகிசிலாஸ்' என்ற கிரேக்கத் தலைமைக் கைவினைஞரின் பெயராகப் படித்தார்கள். அது பல நூல்களில் இடம்பெற்றது. பின்னாளில் கல்வெட்டறிஞர்கள் மீண்டும் படித்தபோது, அது ஆளின் பெயரே அல்ல, மடாலயத்தின் 'அக்னிசாலை' என்ற கட்டிடப் பகுதியைக் குறிக்கும் சொல் என்று விளக்கினர். கிரேக்கச் சிற்பி ஒருவர் இவ்வாறு ஒரு கூடமாக மாறிப்போனார்!

இந்தப் பின்னணியில்தான் ஆனந்த குமாரசாமியின் குரல் முக்கியமாகிறது. தமிழரான சர் முத்துக் குமாரசாமியின் மகனாக 1877இல் கொழும்பில் பிறந்து, பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். புத்தர் உருவமே கிரேக்கர் தந்த கொடை என்று பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரட் ஃபூஷே நிறுவ முயன்றபோது, 1927இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் குமாரசாமி அதை மறுத்தார். மதுராவின் யட்சர் உருவங்களிலிருந்தே புத்தர் வடிவம் பிறக்கப் போதிய மரபு இந்தியாவில் இருந்தது என்று காட்டினார். முதலில் செதுக்கியது யார் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கு அந்த வழக்கில் பெரிய ஆர்வமும் இல்லை. 'தாக்கம்' என்ற சொல்லே என்னைப் போன்ற பொருளியல் மாணவனுக்கு ஐயத்தைத் தருகிறது. தாக்கம் என்றால் ஒருவர் கொடுக்கிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார் என்றாகிவிடுகிறது. ஆனால் சந்தையில் நடப்பது வேறு. யார் பணம் கொடுத்தது, யார் தேர்ந்தெடுத்தது என்றல்லவா கேட்க வேண்டும்?

காந்தாரத்தில் பணம் கொடுத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். வணிகர், அதிகாரி, துறவி, அவர்களது குடும்பத்தார் ஆகியோரின் கொடைகளைக் கரோஷ்டிக் கல்வெட்டுகள் பதிந்திருக்கின்றன. பட்டும் கண்ணாடியும் மணிகளும் சென்ற பெருவழிகளில் கிடைத்த உபரி, மடாலயங்களுக்குக் கொடையாகச் சேர்ந்தது. மடாலயங்கள் அதைத் தொடர்ந்து சிற்பக்கூடங்களுக்கு வேலையாக மாற்றின. என்ன வடிவம் வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் இவர்களே. கிரேக்கரின் மாவீரன் ஹெர்குலிஸ் அவர்களுக்குப் பயன்பட்டான். அவனைப் புத்தருக்குப் பின்னால் நிற்கும் மெய்க்காவலன் வஜ்ரபாணியாக நிறுத்தினர். வானத்தைச் சுமக்கும் அட்லஸுக்குத் தூபியைத் தாங்கும் வேலை கொடுத்தனர். கொரிந்தியத் தூண் தலையின் இலைகளுக்கு நடுவே புத்தரை அமர்த்தினர். கனிஷ்கரின் பொற்காசில் புத்தரின் பெயர் கிரேக்க எழுத்தில் இருக்கிறது. உருவமும் வழிபாடும் நம்முடையவை. வெளிநாட்டு மாதிரி, உள்ளூர் ஆர்டர், சொந்தக் கதை.

இப்போது கொங்கு நாட்டுக்குத் திரும்புவோம். இங்கே ஒரு முரண் காத்திருக்கிறது. ரோமானியக் காசுகள் இந்தியாவில் மிகுதியாகக் கிடைத்திருப்பது தென்னிந்தியாவில், அதிலும் சிறப்பாகக் கொங்குப் பகுதியில். கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842 முதல் பலமுறை வெள்ளிக்காசுக் குவியல்கள் வெளிப்பட்டன. இன்று திருப்பூர் மாவட்டத்தில் உள்ள உடுமலைப் பகுதியின் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள் கிடைத்தன. காந்தாரப் பகுதியிலோ ரோமானியக் காசுகள் மிகக் குறைவு. குஷாணர் அந்தப் பொன்னை உருக்கித் தம் காசாக அடித்துக்கொண்டனர் என்று நாணயவியலாளர் பலர் கருதுகின்றனர். ஆக, காசு குறைந்த இடத்தில் கலை பெருகியிருக்கிறது. காசு குவிந்த இடத்தில் அப்படிப்பட்ட சிற்பம் ஒன்றுகூட இல்லை.

கொங்கில் உற்பத்தித் திறன் இல்லாமல் இல்லை. நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், மாநிலத் தொல்லியல் துறையும் நடத்திய அகழாய்வுகள் ஒரு தொழில் நகரத்தையே வெளிக்கொணர்ந்தன. இரும்பு உருக்கும் உலைகள், மணிகள் செய்த பட்டறைகள், நூல் நூற்ற தக்களிகள், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான ஓடுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. காங்கயம் அருகே படியூரில் பெரில் எனும் இளம்பச்சை மணிக்கல் கிடைத்தது. இந்தியப் பெரிலைப் பற்றி ரோமானியர் பிளினி எழுதியிருக்கிறார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது என்று புலம்பியவரும் அவரே. ஓர் ஓட்டில் வணிகக் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்ற சொல்லும் இருக்கிறது. வணிகம் அமைப்பு வடிவம் பெற்றிருந்தது என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் உபரி எங்கே போயிற்று? ஒரு பகுதி பானையில் போய் மண்ணுக்குள் புதைந்தது. அதைத்தான் நாம் இன்று குவியல் என்கிறோம். ஒரு பகுதி சமணத் துறவிகளுக்குக் கொடையாயிற்று. கரூரை அடுத்த புகலூர்க் குகையில் கருவூர்ப் பொன் வணிகர் ஒருவரின் கொடை பதிவாகியிருக்கிறது. மதுரை அழகர்மலையில் கொடை கொடுத்தோரில் அறுவை வணிகர், அதாவது துணி வணிகர் ஒருவரும் உண்டு. அவர்கள் கொடுத்தது கற்படுக்கை. எளிமையைப் போற்றிய அறம் அது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் வழவழப்பாக்கிய ஒரு படுக்கையைச் செய்ய ஒருமுறை கல் தச்சரை அழைத்தால் போதும். பல தலைமுறைக்கு ஒரு சிற்பக்கூடத்தை நடத்தும் தேவை அதிலிருந்து பிறக்காது.

மரமும் சுதையும் துணி ஓவியமும் அழிந்துபோயிருக்கலாமே என்ற மறுப்பு வலுவானது, அதை ஏற்கிறேன். காவிரிப்பூம்பட்டினத்தில் பௌத்த விகாரையின் அடித்தளமும் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய புத்தர் பாதமும் கிடைத்திருக்கின்றன. ஆகவே தமிழகம் முழுவதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கிருஷ்ணை ஆற்றுப் பகுதியில் வணிகமும் மடாலயமும் சந்தித்த இடத்தில் அமராவதி பிறந்தது. அதன் பெரும் சேகரிப்பு சென்னை எழும்பூரில் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நாகார்ஜுனகொண்டாவில் குடிகொம்பை ஏந்தி நிற்கும் ஓர் உருவம் கிரேக்க மதுக்கடவுள் டயோனிசஸை அப்படியே நினைவூட்டுகிறது. மேற்கத்திய மாதிரி தெற்கேயும் வந்திருக்கிறது. அதை வாங்கிப் பயன்படுத்தும் நிறுவனம் இருந்த இடத்தில் மட்டுமே அது கல்லில் தங்கியது.

திருப்பூர் இன்று ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்கிறது. இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்தே போகிறது. மாதிரி வெளியிலிருந்து வருகிறது. ஆர்டரும் வெளியிலிருந்தே வருகிறது. கழுத்துப் பட்டையில் தைக்கும் பெயரும் வெளியாருடையது. காந்தாரத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒன்று பொதுவானது. மற்ற இரண்டும் நேர் எதிர். வரி 50 சதவீதமானபோது, 'சொந்த பிராண்ட்' வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அதற்கு முன் 2025 ஜூலையில் பிரிட்டனோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்தப் பேச்சு அவ்வளவாகக் கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வரி உயரும்போது நினைவுக்கு வந்து, குறையும்போது மறந்துபோகும் பொருளாக வடிவமைப்பு இருக்கிறது. ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்க நான் விரும்பவில்லை. மடாலயமும் ஏற்றுமதியாளர் சங்கமும் ஒன்றல்ல. எனினும் உபரியைப் பொதுவில் திரட்டி, வடிவமைப்புக்கும் கைத்திறனுக்கும் நீண்டகால வேலையாக மாற்றும் ஓர் அமைப்பு இல்லாமல் சொந்த வடிவம் பிறந்ததற்கு வரலாற்றில் சான்று அரிது.

இதனால்தான் நொய்யல் அருங்காட்சியகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறேன். ரோமானியர் நம் வாசலுக்கு வந்து பொன் கொட்டி வாங்கினர் என்று மட்டும் சொல்லும் கூடமாக அது ஆகிவிடலாம். ரோமானியக் காசு, நாம் விற்றோம் என்பதற்குச் சான்று. விற்றதை வைத்து என்ன செய்தோம் என்று அது சொல்லாது. காசுக் குவியல் ஒருபுறமும் காந்தாரப் புத்தர் மறுபுறமும் இருந்தால், பார்வையாளர் தாமே அந்தக் கேள்வியைக் கேட்பார். கொடுமணலுக்கு அருகில் உள்ள ஒரத்துப்பாளையம் அணையையும் அங்கே மறைக்கக் கூடாது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த அந்த அணை, சாயக்கழிவு தேங்கும் குளமானது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிடும் வரை நாம் விழிக்கவில்லை. ஏற்றுமதியின் கணக்கில் அந்த ஆறும் ஒரு செலவினம்.

காந்தாரத்துக்கும் நமக்கும் அண்மையில் வேறொரு தொடர்பும் ஏற்பட்டிருக்கிறது, அது பெருமைக்குரியதல்ல. 2022 நவம்பரில், அரியலூர் மாவட்டக் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் சுபாஷ் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அதே மாதத்தில் நியூயார்க் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகம் 192 தொல்பொருட்களைப் பாகிஸ்தானிடம் ஒப்படைத்தது. அவற்றில் 187 அதே கபூர் தொடர்பான விசாரணையில் கைப்பற்றப்பட்டவை. காந்தாரச் சிற்பங்களும் அவற்றில் இருந்தன. சோழச் செப்புத் திருமேனியும் காந்தாரப் புத்தரும் ஒரே வணிகரின் கிடங்கு வழியாகச் சென்றிருக்கின்றன. எனவே இந்த அறைக்கு விலை கொடுத்து எதையும் வாங்கக் கூடாது. போலிகள் மலிந்த சந்தை அது; அசலாக இருந்தால் பெரும்பாலும் திருட்டு.

வாங்காமலே நடத்த வழி உண்டு. சண்டிகர் அருங்காட்சியகத்திடமும், காந்தாரப் பெருஞ்சேகரிப்பு உள்ள கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்திடமும் நான்கைந்து சிற்பங்களை இரவலாகக் கேட்கலாம். எழும்பூரிலிருந்து அமராவதிப் பலகைகள் சிலவற்றைக் கொண்டுவரலாம். 2001 மார்ச்சில் தாலிபான்கள் தகர்த்த பாமியான் பெரும் புத்தர்களுக்கு, படங்களாவது வேண்டும். 55 மீட்டர் உயர்ந்த அந்த உருவத்தின் ஆடை மடிப்புகளை, பாறையில் மரமுளை அறைந்து, கயிறு கட்டி, அதன் மேல் வைக்கோல் கலந்த மண்ணைப் பூசிச் செய்திருந்தார்கள் என்பது நெசவும் தையலும் தெரிந்த ஊரில் ஆர்வத்தோடு கேட்கப்படும்.

இன்னொன்று. அந்த அறையின் விளக்கப் பலகைகளை எழுதும் குழுவில் தொல்லியலாளரோடு ஒரு கட்டிங் மாஸ்டரையும் சேர்க்க வேண்டும். என் மாணவர் அன்று கடைசியாகக் கேட்டது, செதுக்கியவர் பெயர் எங்காவது இருக்கிறதா என்பதுதான். அநேகமாக இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு, மடிப்பு எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று மறுபடியும் பார்க்கத் தொடங்கினார்.

இரவல் கோரும் கடிதங்களைக் கட்டிடம் எழும்பும் முன்பே அனுப்பிவிட வேண்டும். அருங்காட்சியகங்களுக்கிடையே காப்பீடும் ஒப்புதலும் முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். தவிர, மணிகளுக்கும் ஓடுகளுக்கும் போதுமான தரை, ஆளுயரக் கற்சிலையைத் தாங்காது. அந்த எடையைப் பொறியாளரிடம் இப்போதே சொல்ல வேண்டும்.